வல்லூறுப் பெட்டி

திராட்சைத் தோட்டத்து வீட்டுக்கு மாப்பிள்ளையாக வருகிறவனுக்குக் கொடியைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டாமா? நம்முடைய ரேடியோக்காரனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. டவுனில் ரேடியோ, டிவி, ஸ்பீக்கர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிற கடை வைத்திருந்தவன் அவன். ஜனங்கள் ரிப்பேர் பார்க்கிற வழக்கத்தையே விட்டுத் தொலைத்தார்கள். கெட்டால் தூக்கிப் போடு, புதுசு வாங்கு. பார்த்தான், பார்த்தான், ஒருநாள் ஷட்டரை இழுத்து மூடிவிட்டுப் பெண்டாட்டியோடு மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

மாமனார் ஒன்றும் பொல்லாதவர் இல்லை. வந்தவனை வா என்றார், மாடி அறையை ஒழித்துக் கொடுத்தார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேச வேண்டுமே, ஊஹூம். சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள். கையை நீட்டினால் தொடலாம்.

"மோட்டார் சத்தம் ஒரு மாதிரி இருக்கு, அவரைக் கொஞ்சம் பாக்கச் சொல்லும்மா" என்பார் மகளிடம்.

"பாக்கறேன்னு மாமாகிட்ட சொல்லு" என்பான் இவன், அதே மகளிடம்.

"நான் என்ன இந்த வீட்டுக்குப் போஸ்ட்மேனா? ரெண்டு பேருக்கும் வாய் இல்ல?" என்று அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவாள். அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் நியாயமான வாய்.

ரேடியோக்காரனுக்கு இது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கடையைத் தொலைத்தவன், சம்பாத்தியம் இல்லாதவன், வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்டவன், இவனோடு என்ன பேச்சு என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தாவது, பழப்பெட்டி தூக்கியாவது அந்த மனிதர் வாயிலிருந்து 'மாப்பிள்ளை' என்று ஒரு தடவை நேராக வரவைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறியே அவனுக்கு இருந்தது.

அப்படி இருக்கையில்தான் காய் பழமாகிற பருவம் வந்தது. கூடவே வந்தன பறவைகள். கிளி, மைனா, கொண்டைக்குருவி என்று ஒரு பட்டாளம். தின்றுவிட்டுப் போனாலும் பரவாயில்லை. கொத்துக்கு ஒரு பழத்தைக் குத்திவிட்டுப் போய்விடும். குத்துப்பட்ட பழம் அழுகும், பக்கத்துப் பழத்தையும் அழுக வைக்கும். மாமனார் தகரத்தைத் தட்டிப் பார்த்தார், பளபளா நாடா கட்டிப் பார்த்தார், பழைய சட்டை போட்ட பொம்மையை நிறுத்திப் பார்த்தார். பொம்மையின் தோளில் உட்கார்ந்துதான் மைனா இறகு கோதியது.

"நான் ஒண்ணு செஞ்சு பாக்கட்டுமான்னு உங்க அப்பாவைக் கேளு" என்றான் ரேடியோக்காரன்.

பழைய ஸ்பீக்கர், ஒரு பாட்டரி, ஒரு மெமரி கார்டு, மூடியுள்ள மரப்பெட்டி. கடையில் முன்பு வாடிக்கையாளராக இருந்த ஒரு பறவைப் பைத்தியத்திடம் வல்லூறு கத்துகிற ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கினான். அதைப் பெட்டிக்குள் ஏற்றிப் பந்தலின் நடுக் கம்பத்தில் உயரமாகக் கட்டினான். விட்டு விட்டு, பகல் முழுக்க, 'கிய்யீ! கிய்யீ!' என்று ஒரு வல்லூறு இரைக்காகக் கத்துகிற சத்தம். முதல் சத்தத்துக்கே பந்தலிலிருந்து ஒரு கூட்டம் வெடித்துக் கிளம்பி அடுத்த தோட்டத்துக்குப் போய் விழுந்தது.

மாமனார் அண்ணாந்து பார்த்தார். தலையை ஆட்டினார். பேசவில்லை.

கொஞ்ச நாள் போனது. பறவைகள் என்ன முட்டாளா? கத்துகிற வல்லூறு கண்ணில் படவே இல்லை, யாரையும் தூக்கிக்கொண்டு போகவும் இல்லை. முதலில் மைனா திரும்பியது. பிறகு கிளி. "பெட்டி மேலேயே மைனா உக்காந்திருக்குதுன்னு அவர்கிட்ட சொல்லும்மா" என்று மாமனார் சொன்னபோது ரேடியோக்காரனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது. ஓடிப்போய் ஏணி போட்டு ஏறிச் சத்தத்தைக் கூட்டி வைத்தான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பகல் முழுக்கப் பந்தலுக்குள்ளேயே கிடந்து, குத்துப்பட்ட பழங்களைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆச்சரியம் பாருங்கள், அந்த வாரமே நிலைமை தலைகீழானது. வல்லூறு கத்தினால் மறுபடியும் மைனாக்கள் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடின. கொத்துகளில் குத்துப்பட்ட பழம் காண்பது அரிதாகிவிட்டது. ஒரு காலை, மாமனார் பந்தலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார், நேரே அவன் முன்னால் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, வாங்க. டீ ஆறிடப் போகுது."

இவ்வளவுதான். இதற்குத்தான் அந்த மனிதன் இத்தனை நாள் தவம் கிடந்தான்! டீயை வாயில் வைத்தவனுக்கு அது இனித்ததா கசந்ததா என்றே தெரியவில்லை. அன்றிலிருந்து எல்லாமே மாறிப்போயிற்று. "மாப்பிள்ளை, வெயில்ல ரொம்ப நிக்காதீங்க", "மாப்பிள்ளை, தொண்டையைப் பாத்துக்கோங்க" என்று மாமனார் ஒரே கரிசனம். மாமியார் கேட்காமலே வெந்நீரில் தேன் கலந்து கொண்டுவந்து வைப்பார். சத்தத்தைக் கூட்டி வைத்ததற்கு இத்தனை மரியாதையா என்று ரேடியோக்காரன் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான்.

அந்தக் காலர் இறங்கச் சில வாரம்தான் பிடித்தது.

பாட்டரியைச் சார்ஜ் போடலாம் என்று ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றான். உள்ளே எலி. உயிரோடு இல்லை, குடியிருந்துவிட்டுப் போன அடையாளம் மட்டும். ஒயரையெல்லாம் கடித்துத் துப்பி, பஞ்சு கொண்டுவந்து மெத்தை போட்டு, குட்டியும் போட்டு வளர்த்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. பாட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருந்தது. நேற்றோ முந்தாநாளோ நின்ற பெட்டி இல்லை இது, செத்து நாளாகிவிட்டது.

அவன் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான், காதுக்குப் பக்கத்தில் 'கிய்யீ! கிய்யீ!'

ஏணியிலிருந்து விழாமல் இருந்தது அவன் பெண்டாட்டி செய்த புண்ணியம். திரும்பிப் பார்த்தான். பந்தல் கம்பியில், கைக்கெட்டும் தூரத்தில், கன்னங்கரேலென்று ஒரு கரிச்சான் குருவி. வால் நுனி மீன் வால் மாதிரி ரெண்டாகப் பிரிந்திருந்தது. அவனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தது. வாயைத் திறந்தது. அவன் ஏற்றி வைத்த அதே வல்லூறு, இழுப்புக்கூட மாறாமல், அந்தச் சின்ன வாயிலிருந்து வந்தது. கீழே மைனாக்கள் சிதறி ஓடின. கரிச்சான் கல் விழுவது மாதிரி கீழே பாய்ந்து, ஒரு மைனா போட்டுவிட்டு ஓடிய கொழுத்த புழுவை எடுத்துக்கொண்டு மறுபடியும் கம்பிக்கு வந்து உட்கார்ந்தது.

"அடப்பாவி" என்றான் ரேடியோக்காரன். பெட்டியை மூடி, கொக்கியை மாட்டி, சத்தமில்லாமல் இறங்கினான்.

ராத்திரி பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

"சொல்றேன், சொல்றேன்."

"எப்போ?"

"அறுவடை முடியட்டும்."

"ஏங்க, எதுக்குப் பயப்படறீங்க? எலி கடிச்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

 பெட்டி போனால் 'மாப்பிள்ளை'யும் போய்விடும், மறுபடியும் 'அவரைப் பாக்கச் சொல்லு'தான் என்பதை அவளிடம் வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஒரு வார்த்தையை இழக்க அவனுக்கு மனசில்லை. அதுதான் உண்மை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பயம் ஒரு பக்கம் இருந்தாலும் அவனுக்கு இன்னொரு பக்கம் ஆர்வம் பிய்த்துக்கொண்டு போனது. வேலை செய்யாத பெட்டியைத் திறந்து எங்கே கோளாறு என்று தேடியே பழகியவன்; வேலை செய்கிற ஒன்றைக் கண்டால் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் விடுவானா? விடிந்ததும் பந்தலுக்குள் நுழைந்துவிடுவான். இலை அடர்ந்த பந்தல், உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரியாது. கவிழ்த்த பழப்பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு கரிச்சானையே பார்த்துக்கொண்டிருப்பான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால்தான் வெளியே வருவான். கருப்பன் என்று அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டான்.

கருப்பனுக்குத் திராட்சை மேல் ஆசையே கிடையாது. அவன் சாப்பாடு புழு பூச்சி. தண்ணீர்க் குழாயின் ஈரத்தில் மைனாக்கள் மண்ணைக் கிளறும். கருப்பன் கம்பியில் உட்கார்ந்து, வேலை எதுவும் இல்லாத பெரிய மனிதன் மாதிரி வேடிக்கை பார்ப்பான். மைனா ஒரு நல்ல புழுவை இழுத்து எடுக்கிற நேரம் பார்த்து 'கிய்யீ!' என்பான். மைனா புழுவைப் போட்டுவிட்டு ஓடும். புழு கருப்பனுக்கு. மண்ணைக் கிளறுகிற கஷ்டம் ஒருத்தனுக்கு, சாப்பாடு இன்னொருத்தனுக்கு. அந்தக் கலவரத்தில் பந்தலில் இருக்கிற கிளியும் சேர்ந்து ஓடுவதால் பழம் பிழைத்தது. பழத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அவன் நினைத்ததே இல்லை.

இதில் இன்னொரு சூட்சுமம் இருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று ரேடியோக்காரனுக்குத் தலை கால் புரியவில்லை. ஒரே சத்தத்தைக் கருப்பன் திரும்பத் திரும்பப் போடுவதில்லை. வல்லூறு மாதிரிக் கத்தியும் மைனா அசையவில்லை என்று வையுங்கள், உடனே மைனா பயந்தால் என்ன கத்துமோ அந்தக் கத்தலைக் கத்துவான். சொந்தக்காரன் ஓலமிட்டால் யார்தான் நிற்பார்கள்? கொண்டைக்குருவி பக்கத்தில் இருந்தால் கொண்டைக்குருவியின் ஓலம். கிளிக்குக் கிளியின் ஓலம். அதோடு, நிஜமாகவே ஒரு வல்லூறு தோட்டத்துக்கு மேலே வட்டமிட்ட அன்று முதலில் கத்தியவனும் கருப்பன்தான். எல்லாம் ஒளிந்துகொண்டு உயிர் தப்பின. தன்னுடைய பெட்டி ஏன் தோற்றது என்று அன்றைக்குத்தான் ரேடியோக்காரனுக்கு விளங்கியது. பெட்டி எப்போதும் பொய்யே சொன்னது, அதுவும் ஒரே பொய்யை. கருப்பன் நடுநடுவே நிஜமும் சொல்லி வைக்கிறான்.

"நீங்க அந்தக் குருவியைப் பத்திப் பேசும்போது முகமே வேற மாதிரி ஆயிடுதுங்க" என்றாள் பெண்டாட்டி. "கடை திறந்த புதுசுல இப்படித்தான் இருந்தீங்க."

நடுவில் ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல் அடித்தது. மாடியில் போர்த்திப் படுத்தவன் சாயங்காலம் வரை கண் திறக்கவில்லை. மறுநாள் தேறி எழுந்து பந்தலுக்குப் போனான். அங்கே கருப்பன் அவனுக்குப் புதுசாக ஒரு புதிர் போட்டான்.

அது ஒரு சத்தம். வல்லூறு மாதிரிதான் 'கிய்யீ' என்று ஆரம்பிக்கும். பாதியில் ஓட்டைக் குழலில் காற்றுப் போன மாதிரி பிளந்து கரகரக்கும். கடைசியில் 'க்ஹர்ஹும்' என்று ஒரு செருமல். இதை எங்கே கற்றான், யாரிடம் கற்றான்? அப்படிக் கத்துகிற பறவை எதுவும் இந்தத் தோட்டத்துப் பக்கம் கிடையாது. வல்லூறுக்குச் சளி பிடித்தால் இப்படிக் கத்துமோ? வயசான ஆந்தையோ? செல்போனில் பதிவு செய்து பழைய பறவைப் பைத்தியத்துக்கு அனுப்பினான். அந்த ஆள் நாலைந்து தடவை கேட்டுவிட்டுப் போன் பண்ணினார்.

"நாரையா இருக்குமோன்னு பாத்தேன். ஆனா நாரை எதுக்குங்க செருமுது?"

"எனக்கும் அதே சந்தேகம்தான்."

"எங்கிட்ட இருக்கிற எதோடவும் ஒத்துப்போகல. உங்க தோட்டத்துக்கு ஏதோ புது விருந்தாளி வந்திருக்கு. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாருங்க."

பார்த்தான். விருந்தாளி யாரும் கண்ணில் படவே இல்லை. கருப்பன் மட்டும் அந்தச் சத்தத்தை நாளுக்கு நாள் அதிகமாகப் போட்டான்.

இந்த நேரத்தில்தான் மாமனார் குண்டைத் தூக்கிப் போட்டார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, ஏதோ காய்கறி வாங்குகிற விஷயம் மாதிரிச் சொன்னார்.

"மாப்பிள்ளை, நாளைக்கு வலைக்காரரை வரச் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு மாமா?"

"பந்தல்ல ஒரு கரிச்சான் சுத்துதே, அதைப் பிடிக்கத்தான். நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். வல்லூறு சத்தம் கேட்டா அத்தனை பறவையும் ஓடுது, அது ஒண்ணு மட்டும் கம்பியில திமிரா உக்காந்திருக்கு. ஒண்ணு பயப்படலைன்னா நாளைக்கு அதைப் பாத்து மத்ததும் பயப்படாது. உங்க உழைப்பெல்லாம் வீணாயிடும். பிடிச்சுக் கூண்டுல போட்டு யாருக்காவது குடுத்துடச் சொல்லிட்டேன்."

 தோட்டத்தில் வல்லூறுக்குப் பயப்படாத ஒரே பறவை அதுதான், ஏனென்றால் வல்லூறே அதுதான் என்று எப்படிச் சொல்வது? ரேடியோக்காரன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை போஸ்ட்மேன் வேலை பார்க்க அவள் தயாராக இல்லை.

மறுநாள் காலை வலைக்காரர் வந்தார். தோளில் மெல்லிய வலைச் சுருள், கையில் மூங்கில் கழிகள், இடுப்பில் மூடி போட்ட சின்னக் கூண்டு. மாமனார், மாமியார், பெண்டாட்டி எல்லோரும் பந்தல் ஓரமாக வந்து நின்றார்கள். கருப்பன் வழக்கமான கம்பியில், உலகம் தனக்காகவே சுற்றுகிற மாதிரி உட்கார்ந்திருந்தான். வலைக்காரர் பார்த்த பார்வையிலேயே கழியை எங்கே நட வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டார். முதல் கழி மண்ணில் இறங்கியது.

ரேடியோக்காரன் அந்தக் கழியைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாங்க."

"என்ன மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

 சொன்னால் எல்லாம் போச்சு, சொல்லாவிட்டால் கருப்பன் போச்சு. கம்பியைப் பார்த்தான். கருப்பன் இறக்கையைத் தூக்கி அக்குளில் சொறிந்துகொண்டிருந்தான்.

"மாமா, பெட்டி வேலை செய்யல. செத்துப் போய் ரொம்ப நாளாச்சு. எலி ஒயரைக் கடிச்சிடுச்சு. எனக்குத் தெரியும், தெரிஞ்சும் நான் உங்ககிட்ட சொல்லல. தப்புதான். என்னை என்ன வேணாலும் சொல்லுங்க, அந்தக் குருவியை விட்டுடுங்க."

மாமனார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பெட்டி போனது தெரியும். மழை வர்ற மாதிரி இருந்துச்சேன்னு ஒருநாள் ஒரு பாலிதீன் தாளை எடுத்துக்கிட்டு மூடப் போனேன். திறந்து பாத்தா உள்ள எலி குடித்தனம் நடத்துது. நானும் அப்பவே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் மாமா ஒண்ணும் கேக்கல?"

"கேக்கலாம்னுதான் ஏணியை விட்டு இறங்கினேன். நாலு எட்டு வைக்கல, பந்தலுக்குள்ள இருந்து வல்லூறு கத்துது. பெட்டி செத்துக் கிடக்கு, சத்தம் மட்டும் கணீர்னு வருது. நீங்களோ எந்நேரமும் பந்தலுக்குள்ளதான் இருக்கீங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு."

"என்ன புரிஞ்சுது?"

"நீங்கதான் கத்துறீங்கன்னு."

 வலைக்காரர் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றிக்கொண்டே இருந்தார். முதலில் வெடித்தது பெண்டாட்டிதான். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு பந்தல் கம்பத்தில் சாய்ந்துவிட்டாள்.

"சிரிக்காதேடி" என்றார் மாமியார். "நான் எதுக்கு அவருக்கு நாள் தவறாம வெந்நீர்ல தேன் கலந்து குடுத்தேன்னு நெனைக்கிற? தொண்டை என்னத்துக்கு ஆகும்?"

"நம்ம மெஷின் கெட்டுப் போச்சு, மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு இந்தப் புள்ள பகல் பூரா ஒளிஞ்சு உக்காந்து தொண்டை கிழியக் கத்துதேன்னு நெனச்சேன்" என்றார் மாமனார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா உங்களுக்குக் கூச்சமா இருக்கும்னு விட்டுட்டேன். வலைக்காரரைக் கூப்பிட்டதும் அதுக்குத்தான். நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டுக் கத்துறீங்க, அது ஒண்ணு மட்டும் மதிக்காம உக்காந்திருந்தா எனக்குக் கோவம் வராதா?"

ரேடியோக்காரனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இத்தனை நாள் கிடைத்த மரியாதை பெட்டிக்கும் இல்லை. அவன் போடாத கூச்சலுக்கு!

"நான் கத்தல மாமா" என்றான். "கத்துனது அதுதான்."

"எது?"

கருப்பன் சரியாக அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தான். குழாயடியில் ஒரு மைனா புழுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. 'கிய்யீ!' மைனா திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. கருப்பன் தலையைச் சாய்த்து யோசித்தான். பிறகு அந்த இன்னொரு சத்தத்தை எடுத்தான். கிளம்பி, பிளந்து, கரகரத்து, கடைசியில் 'க்ஹர்ஹும்.' மைனா மண்ணை வாரி இறைத்துக்கொண்டு ஓடியே போனது.

"இந்தக் கடைசிச் சத்தம் மட்டும்தான் மாமா எனக்குப் பிடிபடவே இல்ல. இது எந்தப் பறவையோடதுன்னே..."

அவன் பேச்சு பாதியில் நின்றது. மாமனாரின் காது மடல் சிவந்து போயிருந்தது. மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அது பறவை இல்ல" என்றார் மெதுவாக. "நான்தான்."

"நீங்களா?"

"உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சு பாருங்க, அன்னைக்கு. நீங்க படுத்துட்டீங்க, யாரு கத்துறது? கிளியெல்லாம் வந்து இறங்குது. சரி, நாமளே ஒரு கை பாக்கலாம்னு இந்தக் கோடியில வந்து உக்காந்துக்கிட்டுக் கத்தினேன். எனக்கு எங்க வருது? பாதியில தொண்டை கட்டிக்குது, இருமல் வருது. விடல, பொழுது சாயற வரைக்கும் கத்தினேன். ரெண்டு நாளைக்கு எனக்குக் குரலே இல்ல, ஜலதோஷம்னு சொல்லிட்டேன்."

"அப்பா!" என்றாள் மகள். அவள் சிரிப்பு இப்போது காணாமல் போயிருந்தது.

"அதுல பாரும்மா, நான் இங்க கத்தக் கத்த, அந்தக் கோடியில இருந்தும் ஒரு சத்தம் பதில் குடுத்துது. இவருதான் காய்ச்சலோட எழுந்து வந்துட்டார்னு நெனச்சேன். படுக்கச் சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாரே, இந்தத் தோட்டத்துக்காக உயிரைக் குடுக்கறாரேன்னு..." அவர் முடிக்கவில்லை. துண்டு கண்ணுக்குப் போனது.

ரேடியோக்காரனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கத்தாமலே அடைத்துக்கொண்டது. கருப்பன் கத்தியது ஒரு புழுவுக்காக. இந்த மனிதர், ஆளைக் கண்டால் அரை வார்த்தை பேசாத மனிதர், கொடிக்கடியில் குந்தி உட்கார்ந்துகொண்டு பொழுது சாயும் வரை பறவை மாதிரிக் கத்தியிருக்கிறார். அவனுக்கு ஓய்வு கொடுக்க. அவனுக்காக அப்படி ஒருத்தர் எதையும் செய்ததில்லை. அதைத் தாங்க முடியாமல்தான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டான். இல்லாவிட்டால் ஜென்மத்துக்கும் கேட்டிருக்க மாட்டான்.

"அப்புறம் ஏன் மாமா முன்னாடியெல்லாம் எங்கிட்ட பேசவே மாட்டீங்க? நான் கடையை விட்டுட்டு வந்தவன்னு எளக்காரமா நெனச்சீங்கன்னு நான்... உண்மையைச் சொன்னா மறுபடியும் பேச்சை நிறுத்திடுவீங்கன்னு பயந்துதான் பெட்டி விஷயத்தை மறைச்சேன்."

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது நிஜமான திகைப்பு.

"எளக்காரமா? நானா?" என்றார். "ஐயோ, மாப்பிள்ளை. கடையை மூடிட்டு வந்த மனுசன்கிட்ட என்னத்தைக் கேக்கறது? தூங்கினீங்களான்னு கேட்டா, வேலை இல்லாம தூங்கறியேன்னு குத்துற மாதிரி இருக்கும். என்ன பண்றீங்கன்னு கேட்டா அதை விட மோசம். சாப்பிட்டீங்களான்னு கேட்டாக்கூட, எங்க சோத்தைச் சாப்பிட்டியான்னு கேக்கற மாதிரி ஆயிடுமோன்னு பயம். எதை எடுத்தாலும் உங்களைச் சுட்டுடுமேன்னு வாயைக் கட்டிக்கிட்டுக் கிடந்தேன். நீங்க கத்துறீங்கன்னு தெரிஞ்சப்புறம்தான், சரி, இனிமே தைரியமா டீ குடிக்கக் கூப்பிடலாம்னு வந்தேன்."

வலைக்காரர் நட்ட கழியைத் தானாகவே பிடுங்கிக் கட்டிக்கொண்டார். "அப்போ நான் கிளம்பறேன்" என்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. மாமியார் மட்டும் டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லி அவரை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு போனார். போகிற வழியில் மகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மாமனும் மருமகனும் பந்தல் ஓரத்தில் தனியாக நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் ரெண்டு பேருமே கம்பியைப் பார்த்தார்கள். கருப்பன் ஒரு புழுவை விழுங்கிவிட்டு அலகைக் கம்பியில் தீட்டிக்கொண்டிருந்தான். 

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"ஒண்ணு கேக்கட்டுமா?"

ஒன்று கேட்க இந்த மனிதர் இத்தனை காலம் பயந்திருக்கிறார் என்று நினைத்தபோது ரேடியோக்காரனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. "என்ன வேணாலும் கேளுங்க மாமா" என்றான்.

மாமனார் கருப்பனைச் சுட்டிக் காட்டினார்.

"இவன் கத்துறதெல்லாம் அடுத்தவன் சத்தம். இவனோட சொந்தச் சத்தம் எது?"

 இத்தனை நாள் கூடவே உட்கார்ந்திருந்தும் அதை ரேடியோக்காரன் யோசிக்கவே இல்லை.

"தெரியல மாமா" என்றான்.

மாமனார் குனிந்து பந்தலுக்குள் நுழைந்தார். ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். பக்கத்திலேயே இன்னொன்றையும் கவிழ்த்துப் போட்டுவிட்டு, அதைத் துண்டால் தட்டித் துடைத்தார்.

"உக்காருங்க" என்றார். "கேட்டுடுவோம்."